அந்த 11.19 நம்மாளா?

2025 ஆகஸ்ட் முதல் வாரத்தில் டெல்லியிலிருந்து ஓர் எண் கிளம்பித் திண்டுக்கல் வந்து சேர்ந்தது. 2024-25 நிதியாண்டில், விலையேற்றத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், தமிழ்நாட்டின் பொருளாதாரம் 11.19 சதவீதம் வளர்ந்திருக்கிறது என்றது அது. பதினான்கு வருடத்துக்குப் பிறகு இரட்டை இலக்கம். வீடு தேடி வந்தவரை உட்காரவைத்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் எந்த ஊர், என்ன சோலி என்று விசாரிப்பது இந்த ஊர் வழக்கம். இந்த விருந்தாளிக்கு அது நடக்கவில்லை. மணிக்கூண்டைத் தாண்டுவதற்குள் மடக்கி நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: “நம்மாளா?”

“நம்மாளேதாண்டா!” என்று கருப்பு-சிவப்புக் கரை வேட்டி அதைத் தோளில் தூக்கிக்கொண்டது. எதை அளந்தார்கள், எந்தத் தொழில் வளர்ந்தது, நம் தாலுகாவுக்கு என்ன வந்தது என்று ஒரு விசாரணையும் இல்லை. நேராக ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார்கள். எதிர் வரிசையில் இரட்டை இலைக்காரர், “அம்புட்டும் டுபாக்கூர் மாப்ள, கடன வாங்கிச் செலவழிச்சுக் கணக்கு காட்டுறாய்ங்க” என்றார். பக்கத்திலிருந்த தாமரைக்காரருக்கு அதுவும் போதவில்லை. “அது டாஸ்மாக் வளர்ச்சிண்ணே” என்று அடித்து முடித்துவிட்டு எழுந்துபோனார். மூன்று பேரும் அந்த எண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்று பேருக்கும் அதைப் பற்றி எல்லாமே தெரிந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து ஆகஸ்ட் 29 அன்று இன்னொரு விருந்தாளி வந்தார். ஏப்ரல்-ஜூன் காலாண்டில் இந்தியப் பொருளாதாரம் 7.8 சதவீதம் வளர்ந்திருக்கிறது. அதே மூன்று பேர், அதே திண்ணை. இப்போது தாமரைக்காரர் எழுந்து நின்று கைதட்டினார்: “உலகத்துலயே வேகமா வளர்ற நாடு!” கருப்பு-சிவப்பு அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார்: “கணக்க எழுதுறவனே அவிய்ங்க ஆளு. நெசமா வளர்ந்திருந்தா பய எதுக்கு வேலை இல்லாம நிக்கிறான்?” நல்ல கேள்வி. மூன்று வாரத்துக்கு முன் 11.19-ஐத் தூக்கிக்கொண்டு ஆடியபோது அந்தப் பயலின் நினைப்பு அவருக்கு வரவில்லை, அவ்வளவுதான். நவம்பர் கடைசியில் அடுத்த காலாண்டுக்கு 8.2 வந்தது. அப்போதும் இதே கூத்து, சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

இதில் வயிற்றெரிச்சலைக் கிளப்புவது என்னவென்றால், இரண்டு எண்ணையும் வெளியிட்டது ஒரே அமைச்சகம். மத்தியப் புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகம். மாநிலத்தின் உற்பத்திக் கணக்கைச் சென்னையிலுள்ள பொருளியல் புள்ளியியல் துறை போடுகிறது. ஆனால் ரயில்வே, வங்கி, காப்பீடு, தொலைத்தொடர்பு போல மாநில எல்லைக்குள் அடங்காத தொழில்களில் நம் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது டெல்லி. அப்படிப் பார்த்தால் 11.19 என்பது மோடி அரசின் அதிகாரியும் ஸ்டாலின் அரசின் அதிகாரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பெற்றெடுத்த பிள்ளை. அதை முழுப் பொய் என்கிற தாமரைக்காரர் தன் கட்சி அமைச்சகத்தையே பொய்யாக்குகிறார். டெல்லிக் கணக்கு மொத்தமும் மோசடி என்கிற அண்ணன் தன் வீட்டு ஃப்ளெக்ஸைத் தானே கிழிக்கிறார். இதை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். இரண்டு பேரும் சேர்ந்து உங்களைத்தான் கேட்பார்கள்: “நீ எந்தக் கட்சி?”

கணக்கைச் சந்தேகிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சந்தேகிக்க நிறைய இருக்கிறது. 2024-25க்கு முதலில் வந்த மதிப்பீடு 9.69 சதவீதம்தான். கூடுதல் தரவு கையில் கிடைத்த பிறகு 11.19 ஆனது. அந்த முதல் மதிப்பீட்டில் தொழிலும் சேவையும் ஓடின, வேளாண்மை, கால்நடை, மீன் எல்லாம் அடங்கிய முதல்நிலைத் துறை அரை சதவீதம்கூட அசையவில்லை. வெங்காயமும் மல்லிகையும் மாங்காயும் முருங்கையும் விற்றுப் பிழைக்கிற மாவட்டத்தில் ஒருவன் கோபப்பட வேண்டுமென்றால் இந்த இடத்தில் அல்லவா கோபப்பட வேண்டும்? ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் நின்றுகொண்டு, “மாநிலம் பதினொன்று வளர்ந்தது, சரி, எங்க தோட்டம் ஏன் நின்ன இடத்துலயே நிக்குது?” என்று கேட்டால் மந்திரியும் பதில் சொல்லத் திணறுவார், எதிர்க்கட்சித் தலைவரும் திணறுவார். அதனால்தானோ என்னவோ, இரண்டு தரப்புமே அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் அனுப்புவதில்லை.

சந்தேகத்துக்கு வெளியூர்ச் சாட்சியும் உண்டு. 2025 நவம்பரில் பன்னாட்டு நிதியம் தன் வருடாந்திர அறிக்கையில் இந்தியாவின் தேசியக் கணக்குகளுக்கு ‘சி’ கிரேடு போட்டது. ஏ, பி, சி, டி என்ற வரிசையில் கடைசிக்கு முந்தைய படி. அடிப்படை ஆண்டு அப்போதும் 2011-12லேயே நின்றது, விலையேற்றத்தைக் கழிக்க மொத்த விலைக் குறியீட்டை வைத்துக்கொண்டு ஒப்பேற்றினார்கள் என்பவை காரணங்களில் சில. அந்த ‘சி’ கையில் கிடைத்த அன்று நம் அண்ணனுக்குக் கல் கிடைத்தது போலாகிவிட்டது. 7.8, 8.2 இரண்டின் மண்டையிலும் குறிபார்த்து அடித்தார். அடியுங்கள் அண்ணே. ஆனால் 11.19-ஐ அளந்ததும் அதே 2011-12 அடிப்படை ஆண்டை வைத்துத்தானே? ஒரே அளவுகோலில் டெல்லிக்குப் பிடித்த இடத்தில் கோணல், சென்னைக்குப் பிடித்த இடத்தில் நேர் என்று இருக்க முடியுமா? தாமரைக்காரருக்கும் இதே பாடம்தான். 11.19 டுபாக்கூர் என்றால் அதே அளவுகோலில் அளந்த 7.8 எப்படிச் சொக்கத்தங்கம் ஆயிற்று?

நிதி ஆயோக் விஷயம் இதைவிட அசிங்கம். பல்பரிமாண வறுமை என்று வருமானத்தை மட்டும் பார்க்காமல் சத்துணவு, பள்ளி, கழிப்பறை, சமையல் எரிபொருள் எல்லாவற்றையும் சேர்த்து அவர்கள் அளக்கிறார்கள். 2023இல் வந்த அறிக்கைப்படி தமிழ்நாட்டில் அந்த வறுமை 2015-16இல் 4.76 சதவீதம், 2019-21இல் 2.20 சதவீதம். எந்த மேடையிலும் பெருமையாகச் சொல்லத் தகுந்த எண். சொன்னார்கள். 2024 ஜனவரியில் அதே நிதி ஆயோக் அதே முறையை வைத்து, ஒன்பது ஆண்டுகளில் நாடு முழுக்க 24.82 கோடிப் பேர் வறுமையிலிருந்து வெளியே வந்தார்கள் என்றது. உடனே நிதி ஆயோக் மோடியின் எடுபிடி ஆகிவிட்டது. அந்தப் பக்கம் கேட்டால் 24.82 கோடி சத்தியவாக்கு, ஆனால் 2.20 மட்டும் “இலவசத்துல கெட்டுப்போன மாநிலம்” என்ற வாக்கியத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். கோடிக்கணக்கான பெண்கள் விறகுப் புகையிலிருந்து கொஞ்சமாவது தப்பித்திருக்கிறார்கள் என்ற சேதிக்கு ஒரு மனிதன் முதலில் சந்தோஷப்பட வேண்டாமா? எவ்வளவு உண்மை என்று பிறகு நோண்டிப் பார்த்துக்கொள்ளலாம். நம் ஆட்களுக்கு அந்த முதல் நிமிடச் சந்தோஷமும் வருவதில்லை, பிறகு நோண்டுகிற உழைப்பும் வருவதில்லை.

கடன் கணக்கைப் பாருங்கள். நாடகக் கம்பெனியில் ராஜபார்ட்டும் வில்லனும் வசனத்தாளை மாற்றிக்கொண்டால் எப்படி இருக்கும் என்பதற்கு அதுதான் சாட்சி. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வைத்தார். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2.63 லட்சம் ரூபாய் கடன் என்றது அது. தி.மு.க.காரர் தெருத்தெருவாக அழுதார். அ.தி.மு.க.காரர், “வளர்ச்சிக்கு வாங்குன கடன், வரம்புக்குள்ளதான் இருக்கு, எந்த மாநிலம் வாங்கலை?” என்றார். 2025-26 பட்ஜெட்டில் மொத்தக் கடன் 9.29 லட்சம் கோடியைத் தொடும் என்று வந்தது. அப்போது அ.தி.மு.க.காரர் தெருத்தெருவாக அழுதார். தி.மு.க.காரர், “வளர்ச்சிக்கு வாங்குன கடன், வரம்புக்குள்ளதான் இருக்கு, எந்த மாநிலம் வாங்கலை?” என்றார். ஒரு கமா மாறவில்லை. முதலீட்டாளர் மாநாட்டிலும் இதே கதை. 2015இல் 2.42 லட்சம் கோடி, 2019இல் 3 லட்சம் கோடி, 2024இல் 6.64 லட்சம் கோடி. யார் கையெழுத்து வாங்கினாலும் எதிரிக்கு அது வெறும் தாள், ஆளுங்கட்சிக்கு அது நாளைக்கே ஓடப்போகிற ஆலை. ஒப்பந்தத்தில் எத்தனை கட்டடமாக எழும்பியது என்று பொறுமையாக எண்ணிப் பார்ப்பவனுக்கு இரண்டு கட்சியிலும் உறுப்பினர் அட்டை கிடையாது.

எண்ணைத் திட்டுவதோடு நிறுத்தாமல் எண்ணின் வாயையே பொத்தினவர்களும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2018 நவம்பரில் டெல்லி பழைய ஆண்டுகளின் வளர்ச்சியைத் திருத்தி எழுதியது. மன்மோகன் சிங் காலத்து 2010-11இன் 10.3 சதவீதம் ஒரே நாளில் 8.5 ஆனது. திருத்தத்துக்குக் காரணங்கள் சொன்னார்கள், அவற்றில் சில நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் வேலையின்மை 6.1 சதவீதம் என்று காட்டிய கணக்கெடுப்பை வெளியிடாமல் வைத்திருந்ததற்கு என்ன நியாயம்? அதைக் கண்டித்து 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் ராஜினாமா செய்தார்கள். தேர்தல் முடிந்து, வாக்கு எண்ணி, பதவியேற்பும் நடந்த மறுநாள், மே 31 அன்று, அந்த அறிக்கை வெளியே வந்தது. அன்று சேதியைப் பூட்டி வைத்ததற்குக் கைதட்டியவர்கள், இன்று “எங்கள் எண்ணை ஏன் நம்ப மாட்டேன் என்கிறார்கள்?” என்று முகம் வாடுகிறார்கள். பூட்டுக்குப் பேர் போன ஊரில் வந்து இதைக் கேட்கலாமா?

படிக்காதவன்தான் இப்படிக் கட்சிக்கண்ணாடி போட்டுக்கொண்டு திரிகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து டான் கஹானும் கூட்டாளிகளும் 2013இல் ஒரு சோதனை செய்தார்கள். ஓர் அட்டவணையைக் கொடுத்து, இது தோல் களிம்பின் பலன் என்றார்கள். கணக்கு நன்றாக வருகிறவர்கள் சரியாக விடை சொன்னார்கள். அதே எண்களைக் கொடுத்து, இது துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பலன் என்றார்கள். கணக்குப் புலிகளின் கணக்கு தன் கட்சிக்குப் பிடிக்காத விடை வருகிற பக்கமாகப் பார்த்து நொண்டியது. கணக்கு வராதவர்களைவிட இவர்களிடையேதான் கட்சிப் பிளவு அதிகம். நம் ஊரிலும் ஆராய்ச்சி நிதி எதுவும் இல்லாமலே இது நிரூபணம் ஆகியிருக்கிறது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளரும் இன்ஜினீயரிங் முடித்த தம்பியும் சண்டை போடுவதைக் கேட்டிருக்கிறீர்களா? வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர், “எனக்கென்னண்ணே தெரியும், கூலி ஐம்பது ரூவா கூடியிருக்கு, அரிசி வெலையும் கூடியிருக்கு” என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். படித்தவனுக்குத்தான் ஒரு பக்கத்தை மறைக்கத் தேவையான ஆங்கிலம் தெரியும்.

திண்டுக்கல்லுக்கு இதில் பரம்பரை உரிமையே உண்டு. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து வெளியேற்றப்பட்டார். அ.தி.மு.க. தொடங்கி ஏழு மாதத்தில், 1973 மே மாதம், திண்டுக்கல் மக்களவைத் தொகுதிக்கு இடைத்தேர்தல். இரட்டை இலை முதல் முதலாக வாக்குச்சீட்டில் முளைத்தது இந்த மண்ணில்தான். மாயத்தேவர் ஜெயித்தார், காமராஜரின் பழைய காங்கிரஸ் இரண்டாவது, ஆண்ட தி.மு.க. மூன்றாவது. அதுவரை ஒரே கொடிக்குக் கீழே நின்ற பங்காளிகள் அன்று பிரிந்தார்கள். பங்காளிப் பகை என்றால் சும்மாவா? வயல் வரப்பில் ஒரு முழம் போனால்கூடப் பேரன் காலம்வரை வழக்கு நடக்கும். ஐம்பது வருடத்தில் வரப்பு தேய்ந்துபோனது, பகை மட்டும் அப்படியே நிற்கிறது. சாதிச் சங்கத்துக்குள்ளேயும் அதே பகை உண்டு, கல்யாண மண்டபத்துப் பந்தியிலும் உண்டு. அந்த வழக்குக் கட்டில் ஒரு தாளாகத்தான் இன்றைக்குப் பொருளாதார வளர்ச்சியும் சேர்ந்துவிட்டது.

இத்தனைக்கும் இதே ஊரில் ஒரு சண்டை மட்டும் கண்ணியமாக நடக்கிறது. தலப்பாக்கட்டி பிரியாணியா, வேணு பிரியாணியா? சீரகச் சம்பா எவனிடம் உதிரியாக இருக்கிறது, கறி எவனிடம் பஞ்சாக வேகிறது என்று விடிய விடியப் பேசுவார்கள். ஆனால் ஒவ்வொருவனும் சாப்பிட்டுவிட்டு வந்து பேசுகிறான். இலையைத் தொடாமல் ஓனர் எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டு உப்புக் குறைவு என்று சொல்கிறவனை இந்த ஊர் கல்லால் அடிக்கும்.

இதுவரைக்கும் சிரித்துவிடலாம். 2025 ஆகஸ்ட் 27ஐச் சிரிக்க முடியவில்லை. அன்றைக்கு அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது போட்ட வரி 50 சதவீதம் ஆனது. திருப்பூர் பனியனுக்கு அமெரிக்கா பெரிய வாடிக்கை. திருப்பூருக்கு நூல் போவது எங்கிருந்து? வேடசந்தூரைச் சுற்றி, கரூர் ரோட்டின் இரண்டு பக்கமும் நிற்கிற நூற்பாலைகளிலிருந்தும்தான். விடிகாலையில் ஆலை வேன் ஊர் ஊராக நின்று ஏற்றிக்கொண்டு போகிற பெண்கள் யார்? நம் அக்கா, தங்கச்சி, மச்சினி. அந்த வாரம் ஊர் எப்படி இருந்திருக்க வேண்டும்? எழவு விழுந்த வீடு மாதிரி அல்லவா? ஒரு கூட்டம் பட்டாசு வெடிக்காத குறையாகக் குதித்தது: “மோடிய டிரம்ப் வச்சு செஞ்சுட்டான்டா!” யாரை வச்சு செய்தான் தம்பி? உன் தங்கச்சியின் இரவு ஷிப்டையல்லவா? இன்னொரு கூட்டம், “அதெல்லாம் ஒண்ணுமில்ல, நமக்கு ஒரு பாதிப்பும் கெடையாது, 7.8 பாத்தீங்கள்ல” என்று அந்த ஷிப்ட் போனதையே இல்லை என்று சாதித்தது. எண் வந்தது 29ஆம் தேதி. அது சொன்னது ஜூன் வரைக்குமான கணக்கு. ஆகஸ்டில் விழுந்த அடி ஜூன் கணக்கில் எப்படித் தெரியும்? தன் மூக்கு அறுபட்டாலும் எதிராளிக்குச் சகுனத்தடை ஆனால் போதும் என்று பெரியவர்கள் சொன்னது ஒரு கிறுக்கனைப் பற்றி. இங்கே இரண்டு கட்சி நிறைய மூக்கில்லாதவர்கள் மார்தட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை அதே ஆகஸ்டில் டெல்லி தற்காலிகமாக நீக்கியது. ஆலைக்கு நல்ல சேதி, பருத்தி விதைத்தவனுக்குக் கெட்ட சேதி. இந்த முரண்பாட்டை உட்கார்ந்து பேசினால் ஊருக்குப் பிரயோசனம். பேச்சு நடந்தது, “எங்க கடிதத்தாலதான் நீக்குனாய்ங்க”, “எங்க தலைவர் கொடுத்தாரு” என்று. செப்டம்பர் 22இல் ஜி.எஸ்.டி. குறைந்து சோப்பும் பற்பசையும் 18இலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தபோதும் ஒருவருக்கு அது தீபாவளிப் பரிசு, இன்னொருவருக்கு எட்டு வருடக் கொள்ளை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்று சொன்னால் இரண்டு பேரும் அடிக்க வருகிறார்கள்.

எண்களுக்கு வெளியே கிடக்கிற திண்டுக்கல்லை யார் பார்ப்பது? இந்த ஊர்த் தோல் பதனிடும் ஷாப்புகள் பல தலைமுறைக்குச் சோறு போட்டிருக்கின்றன, மறுக்க முடியாது. அந்தக் கழிவு இறங்கிக் கிணறுகள் உப்பேறிப்போனதும் மறுக்க முடியாது. உற்பத்திக் கணக்கில் தோல் பதனிட்டது ஒரு வரவு. கிணறு கெட்டது எங்கேயும் பற்று விழவில்லை. கெட்ட கிணற்றுக்குப் பதிலாக வாங்கிய லாரித் தண்ணீர் இன்னொரு வரவு. வளர்ச்சி எண்ணைத் திட்ட வேண்டுமானால் இதைச் சொல்லித் திட்டு. திட்ட மாட்டான், ஏனென்றால் இதைச் சொன்னால் இரண்டு ஆட்சியையும் திட்ட வேண்டிவரும்.

சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 8 அன்று டெல்லி வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. தடை மகாராஷ்டிரத்துப் பெரிய வெங்காயத்தை நினைத்துப் போட்டது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிற நம் சின்ன வெங்காயமும் அதே வலையில் சிக்கியது, சுங்கப் பட்டியலில் அதற்குத் தனிக் குறியீட்டு எண் இல்லாததுதான் காரணம் என்கிறார்கள் விவசாயிகள். அதற்குச் சில மாதம் முன்புதான் பெங்களூரு ரோஸ் வெங்காயத்துக்கு ஏற்றுமதி வரியில் விலக்கு வாங்கிவிட்டார்கள் கர்நாடகத்துக்காரர்கள். தனி எண் கேட்டுத் தமிழ்நாட்டு விவசாயிகள் தொண்டை வறளக் கத்துகிறார்கள். ஓர் எண்ணுக்காக இந்த மாவட்டம் தெருவில் இறங்கலாம் என்றால் அது இந்த எண்தான். ஆனால் அதில் தலைவர் படம் போட இடமில்லையே.

ஊர்ப் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோன ஒரு நல்ல சேதியும் உண்டு. 2021 ஜனவரியில் இந்த மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். தலித் பெண்கள் தலைமை தாங்கும் தொழிற்சங்கம் ஒன்று அதை விடவில்லை. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும் அந்த ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் அங்கே ஆடை வாங்கிய எச் அண்ட் எம் நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புகளும், ஆலைக்குள் பெண்கள்மீதான வன்முறையை ஒழிக்க ஓர் ஒப்பந்தம் போட்டன. உலகம் அதற்கு வைத்த பெயர் திண்டுக்கல் ஒப்பந்தம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலும் அதை ஆராய்ந்திருக்கிறார்கள். மணிக்கூண்டில் நின்று பத்துப் பேரைக் கேளுங்கள். தெரிந்தவர் ஒருவர் கிடைத்தால் பெரிசு. எந்தக் கட்சியும் உரிமை கொண்டாடாத நல்ல சேதி இந்த ஊர்க் காதில் விழுவதில்லை, அதைப் பொய் என்று மறுக்கக்கூட யாருக்கும் நேரமில்லை.

தலைவர்களுக்காவது இந்தக் கூச்சலால் லாபம் உண்டா என்றால் அதுவும் சந்தேகம். தமிழ்நாடு இதற்கு முன் இரட்டை இலக்கத்தில் வளர்ந்தது 2010-11இல், 13.12 சதவீதம். அந்த நிதியாண்டு முடிந்த இரண்டாவது மாதமே, 2011 மே மாதம், மக்கள் தி.மு.க.வை முதன்மை எதிர்க்கட்சித் தகுதிகூடக் கிடைக்காமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2004இல் ‘இந்தியா ஒளிர்கிறது’ என்று விளம்பரம் போட்ட பா.ஜ.க. கூட்டணி இங்கே ஒரு தொகுதிகூட வாங்கவில்லை. ஓட்டுப் போடுகிறவனுக்கு எண் தேவைப்படவில்லை. சண்டை போடுகிறவனுக்குத்தான் தேவைப்படுகிறது.

இது நம் பிறவிக்குணம் மட்டும் என்று யாரும் தலைகுனிய வேண்டாம். வேட்பாளராக இருந்தவரைக்கும் வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் பித்தலாட்டம் என்று சொல்லிவந்த டிரம்ப், ஜெயித்து நல்ல எண் வந்ததும், முன்பு போலியாக இருந்திருக்கலாம், இப்போது அசல் என்று தன் செய்தித் தொடர்பாளரை விட்டுச் சொல்ல வைத்தார். அது 2017. 2025 ஆகஸ்ட் 1 அன்று வந்த எண் பிடிக்கவில்லை, அன்றைக்கே தொழிலாளர் புள்ளியியல் ஆணையர் எரிகா மெக்என்டார்ஃபரை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார். நம் ஆள் வெறும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு திட்டுவதோடு நிற்கிறான், அந்த மட்டும் புண்ணியம்.

ஆகவே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஒரு மனு தயார் செய்து வைத்திருக்கிறேன். கட்சி வித்தியாசம் பாராமல் எல்லோரும் கையெழுத்துப் போடலாம். பொருள்: திண்டுக்கல் மாவட்டத்தில் கட்சிக்கொரு புள்ளியியல் அலுவலகம் அமைத்துத்தர வேண்டுதல். ஒவ்வொரு அலுவலகமும் தன் கட்சிக்காரர் தெருவை மட்டும் அளந்து அவர்களுக்கு இனிக்கிற எண்ணைக் காலை பத்து மணிக்குள் வழங்க வேண்டும். எதிர்க்கட்சிக்காரர் தெருவில் வளர்ச்சி தென்பட்டால் அது கடனாகக் கருதப்படும். மழைமானியும் தனித்தனியாக வேண்டும், ஆளுங்கட்சிக்குப் பெய்த மழையும் எதிர்க்கட்சிக்குப் பெய்த வெள்ளமும் ஒரே குழாயில் கலப்பதால் விவசாயிகள் குழம்புகிறார்கள். அரசு மருத்துவமனையில் காய்ச்சல் பார்க்கும்போது நோயாளியின் உறுப்பினர் அட்டையையும் பார்த்து, தேவையான அளவுக்குச் சூட்டைக் கூட்டியோ குறைத்தோ எழுத வேண்டும். எந்தக் கட்சியிலும் சேராத சில்லறை ஜனம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மில் வேனுக்குக் காத்திருப்பவர்கள், வெங்காயத்துக்குத் தனி எண் கேட்பவர்கள், குடத்தை வைத்துக்கொண்டு லாரியை எதிர்பார்ப்பவர்கள். அவர்களுக்கு எண் எதுவும் ஒதுக்கத் தேவையில்லை, இதுவரை ஒதுக்காததே பழகிவிட்டது.

மனுவை வாங்கிக்கொண்டு ஒரு சீட்டில் பதிவு எண் போட்டுக் கொடுப்பார்கள். நான் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் அங்கே அடிதடி ஆரம்பித்திருக்கும்: அந்தப் பதிவு எண்ணில் மூன்று முதலில் வருகிறதா, எட்டு முதலில் வருகிறதா, அந்த கிளார்க் எவன் ஆளு என்று.